காட்டுப் பட்டா, கிராம சபை, தாத்தா வைத்தியம்: ஜவ்வாது மலைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஆதார் நகல் எடுக்க வருவார்கள். எடுத்து முடித்ததும் "ண்ணா, ஒரு மனு எழுதணும்" என்பார்கள். எழுதிய மனுக்களில் பாதி காட்டு நிலம் பற்றியவை. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. வன உரிமைச் சட்டத்தையும் அதன் விதிகளையும் வாசித்தேன். மனுக்கள் எதற்காகத் திரும்பி வந்தன என்று பார்த்துப் பார்த்து மீதியைக் கற்றுக்கொண்டேன். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

மலையாளின்னா கேரளாக்காரங்களா? சர்டிஃபிகேட்ல அப்படித்தானே போட்டிருக்கு?

இல்லை. ஜவ்வாது மலைப் பழங்குடியின் பெயர் அது. மலையை ஆளுகிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்தார்கள் என்று அவர்களே சொல்லும் வழிவழிக் கதை உண்டு. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைக் கல்லூரிச் சேர்க்கையில் "மலையாளத்துல ரெண்டு வார்த்தை பேசு பார்ப்போம்" என்று கேட்டார்களாம். அவன் பேசவில்லை என்று சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டக் கணக்கில்தான் இருக்கிறது. பழைய வட ஆற்காடு, தருமபுரி, சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களுக்கு உண்டு. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்களுக்கு இல்லை. பெண் கொடுத்து எடுத்த சொந்தத்திலேயே ஒருவர் பழங்குடி, இன்னொருவர் இல்லை. கோடு போட்டவர்கள் மலையேறிப் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலை எந்த மாவட்டம்ணா? நாங்க எந்த ஆபீசுக்குப் போறது?

1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடு. அப்புறம் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. இப்போது ஒரே மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை எல்லாம் வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை.

மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்கு இந்த எல்லை தெரியாது. உங்கள் ஊர் ஆடுமாடு பக்கத்து மாவட்டக் காட்டில் மேய்கிற வழக்கம் இருந்தால் மனுவில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

வன உரிமைச் சட்டம்னா இன்னா? காட்டுல பட்டா தர்ற சட்டம்தானே?

பாதி சரி. 1882-இல் சென்னை மாகாணத்துக்கு வனச் சட்டம் வந்தது. ஏர் ஓடாத சரிவில் களைக்கொட்டால் கொத்திச் சாமை விதைத்த கொத்துக்காடுகள் பல, காப்புக்காட்டு எல்லைக்கல்லுக்கு உள்ளே போயின. நேற்றுவரை விதைத்தவர் மறுநாள் ஆக்கிரமிப்பாளர் ஆனார். 2006-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த வன உரிமைச் சட்டம், வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொள்கிறது. சட்டத்தின் பெயரிலும் 'வழங்கல்' என்று இல்லை, 'அங்கீகரித்தல்' என்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதை அரசு எழுத்தில் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். கை கட்டி நின்று கேட்க வேண்டிய காரியம் இல்லை.

தனிநபர் உரிமைக்கு வரம்புகள் உண்டு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. மீதிப் பாதி சமூக உரிமை. அதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். என் பெரிய வருத்தமே அதுதான்.

அப்போ சமூக உரிமைன்னா இன்னா? அதுல எனக்கு இன்னா லாபம்?

உங்கள் குடும்பம் காட்டிலிருந்து எடுப்பதெல்லாம் நீங்கள் பட்டா கேட்கும் அந்த இரண்டு ஏக்கரிலிருந்தா வருகிறது? புளி, தேன், கடுக்காய், சீதாப்பழம், விறகு, மாட்டுக்குப் புல், எல்லாம் வெளிக்காட்டிலிருந்துதான். மேய்ச்சல், சுனைத் தண்ணீர், சாமி கும்பிடும் இடம் ஆகியவற்றுக்கான உரிமை ஊருக்குப் பொது. மரம் தவிர்த்த சிறுவன மகசூலைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உரிமை. மூங்கிலும் தேனும் அதில் சேரும். இவற்றுக்கெல்லாம் மேலே, 3(1)(i) பிரிவு: ஊர் வழிவழியாகக் காத்துவரும் காட்டைக் காக்கவும், திரும்ப வளர்க்கவும், நிர்வகிக்கவும் உரிமை. மூதாதை நிலத்துக்குக் காவல் என்று மேடையில் பேசுகிறார்களே, அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் இடம் இதுதான்.

கடுக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகள் குரோம் உப்புக்கு மாறும் முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டன. தோல் ஏற்றுமதியால் ஊரே வளர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். கடுக்காய் மரம் எந்த ஓடையோரம் நன்றாகக் காய்க்கும், எந்த மரத்துக் காய்க்குச் சதை கூடுதல், கிளையை ஒடிக்காமல் உதிர்ந்ததைப் பொறுக்குவது ஏன் நல்லது என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் கூடையைச் சுமந்து இறங்கி, எடை போட்டவன் சொன்ன காசை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். மரம் யாருடையது என்ற கேள்வி வந்தபோதெல்லாம் பதில் ஒன்றே: சர்க்காருடையது. 2006 சட்டம் அந்தப் பதிலைத்தான் மாற்றியது. கடுக்காய், புளி, தேன் மூன்றுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் ஒன்றிய அரசு அறிவிக்கிறது. கீழே வியாபாரியிடம் போடும் முன் அந்த விலை என்ன என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கிராம சபைன்னா ஜனவரி 26-க்கு ஊராட்சி ஆபீஸ்ல கையெழுத்து வாங்குவாங்களே, அதானே?

அது ஊராட்சி முழுமைக்கும் நடப்பது. மலை ஊராட்சியில் குக்கிராமங்கள் நிறைய. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அரை நாள் நடை. வன உரிமைச் சட்டம் ஊர் என்று சொல்லும்போது பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத ஊர் எல்லாவற்றையும் சேர்க்கிறது. உங்கள் ஊரின் வயது வந்தோர் எல்லாரும் கூடினால் அதுதான் சபை. உறுப்பினரில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்.

ஊர்த் தலைவர்களான கவுண்டரும் நாட்டாரும் பேசி முடித்துவிட்டு, பெண்களிடம் கைநாட்டு மட்டும் வாங்குவது சில ஊர்களில் வழக்கம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். விறகுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தான். எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று கேட்டால் திண்ணையில் இருக்கும் ஆம்பளைகள் உள்ளே திரும்பி "ஏம்மே, சொல்லு" என்கிறார்கள். அந்தப் பதில் குழுவின் நோட்டில் ஏற வேண்டும்.

எங்ககிட்ட ஒரு தாளும் இல்லியே. எதைக் காட்டறது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. விதி 13 சான்றுகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் இரண்டு இருந்தால் போதும். பழைய வனத்துறை அபராத ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீடு, கிணறு, கல் அடுக்கிய வரப்பு, தடுப்பணை, இடுகாடு, சாமி இடம் எல்லாமே சான்று. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதும் வாக்குமூலமும் சான்று. குறிப்பிட்ட ஒரு தாள்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. செயற்கைக்கோள் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மற்ற சான்றுகளுக்கு மாற்றாக வைக்க முடியாது.

ஒருமுறை கடையில் வைத்தே ஊர் வரைபடம் போட்டோம். ஏ-3 தாளை நான்கு ஒட்டிக் கீழே விரித்தேன். எழுபது வயசுப் பாட்டி ஒருவர் குந்தி உட்கார்ந்து, புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, விரலால் தாளில் நடந்தார். "இது கரடிப்பாறை. இதுக்குக் கீழ எங்க மாமியா கொல்லை. இங்கதான் பெரிய நாவமரம், மின்னல் அடிச்சி பாதி நிக்குது." பேரன் பேனாவால் பின்தொடர்ந்தான். ஒன்றரை மணி நேரத்தில் அறுபதுக்கு மேல் பெயர்கள். ஒரு பாறைக்கும் ஓடைக்கும் அவர் தடுமாறவில்லை. வந்த வழியில் பஸ் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

ஊர்ப் பெயர்களையே பாருங்களேன். ஜார்தான்கொல்லை, அத்திமரத்துக்கொல்லை. கொல்லை என்றால் நம் பக்கத்தில் புஞ்சைக் காடு. உழாத இடத்துக்கு யாரும் அந்தப் பெயர் வைக்கமாட்டார்கள். மனுவின் முதல் பத்தியில் நான் இதைக் கட்டாயம் எழுதுவேன்.

மனு குடுத்து வருசக்கணக்காச்சு. தமிழ்நாட்டுல மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு?

சட்டம் நடைமுறைக்கு வந்த கொஞ்ச நாளில், 2008-இல், சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மனு வாங்கலாம், விசாரிக்கலாம், ஆனால் நீதிமன்றத்தைக் கேட்காமல் பட்டா கொடுக்கக் கூடாது என்று. உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2016-இல். எட்டு வருடம் அங்கே போனது. அதற்குள் அனுபவம் சொல்ல வேண்டிய பெரியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கிராம சபை தீர்மானம் முதலில் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதிலிருந்து 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம். "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று வாயால் சொன்னால் அது உத்தரவு இல்லை; தாளைக் கேளுங்கள்.

அதுவரைக்கும் காலி பண்ணச் சொன்னா?

4(5) பிரிவுப்படி, பரிசீலனை முடியும்வரை வெளியேற்றக் கூடாது. 2019 பிப்ரவரி 13-இல் மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் நாடே பதறியது. அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. அதனால்தான் மேலே சொன்ன நிராகரிப்புத் தாளும் தேதியும் முக்கியம்.

ரோடு கேட்டா காடுன்னு சொல்றாங்க. காடு வேணுமா ரோடு வேணுமான்னு நம்மளையே கேக்கறாங்க?

2023 மே மாதம் அணைக்கட்டு தாலுகா அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் இறந்தது. பாதை இல்லாததால் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டே மலையேறினார். டிவியில் எல்லாரும் பார்த்தோம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு. இதே சட்டத்தின் 3(2) பிரிவில் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை என்று 13 வசதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் என்ற வரம்போடு எடுத்துக்கொள்ளலாம். கிராம சபை பரிந்துரை வேண்டும். ரோடு கேட்டு மனு எழுதும்போது "சாலை வசதி செய்து தருமாறு தாழ்மையுடன்" என்று நிறுத்தாமல் இந்தப் பிரிவையும் சபைத் தீர்மானத்தையும் சேருங்கள்.

சந்தனமரம், செம்மரம் வெட்டினவங்ககிட்டயே காட்டைக் குடுக்கறதா சார்?

இது கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பது. டீக்கடையில் சத்தமாகவே கேட்பார்கள். வெட்டப் போனவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கும் அளவுக்கு இந்த மலை சந்தனத்துக்குப் பேர் போனது. ஆனால் சொந்த நிலத்தில் முளைத்த சந்தனமரம்கூட 2002 வரை நிலக்காரருக்குச் சொந்தமில்லை. தன் கொல்லையில் கன்று முளைத்தால் வம்பு என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தனக்கில்லாத மரத்தை யார் காப்பார்?

செம்மரம் இங்கே இல்லை, ஆந்திரத்துச் சேஷாசலம் மலையில். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கோடாலி பிடித்தவனுக்குக் கூலி, கட்டையை ஏற்றுமதி செய்தவனுக்குக் கோடி. அப்புறம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்து மலையாளிகளின் ஊர். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அரசு ஊழியர்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல் உயிரோடிருந்த 215 குற்றவாளிகளுக்கும் தண்டனை வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. காட்டைக் காப்பது என்ற பெயரில் இதுவும் நடந்திருக்கிறது.

ஊருக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்றால், ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். அங்கே பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 12 சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

ஆந்திராவுல மலை நிலத்தை வெளியாளு வாங்க முடியாதாமே. இங்க?

அங்கே அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உள்ள பகுதிகள், இருக்கின்றன. பழங்குடி நிலம் வெளியாருக்குப் போவதைத் தடுக்கும், '1/70' என்று சொல்லப்படும் சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் 1996-இன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் இங்கே செல்லாது. ஏலகிரியில் ரிசார்ட் வரிசையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வன உரிமைப் பட்டாவை மட்டும் யாருக்கும் விற்க முடியாது. சில பேர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பூட்டுப் போட்ட கதவு.

நாங்க இருளருங்க, ஏரிக்கரையில இருக்கோம். எங்களுக்கும் காட்டுப் பட்டா வருமா?

ஏரிக்கரை புறம்போக்கு வன நிலம் இல்லை, ஆகவே இந்தச் சட்டத்தில் வராது. வருவாய்த்துறையிடம் வீட்டுமனைப் பட்டா கேட்க வேண்டும். கையில் பழங்குடிச் சான்றிதழ் இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

ஆனால் மரபறிவு என்று பேச்சு வந்தால் முதலில் இருளர்களைத்தான் சொல்வேன். பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்பு போனபின், 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வளை வாசலில் மண் எப்படி வழவழத்திருக்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்வார்கள். அந்த விஷத்திலிருந்துதான் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருடம்தான் அல்லேரி. மருந்து வேலூர்வரை வந்திருந்தது, மலையேறப் பாதைதான் அப்போது இல்லை.

எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்ச மூலிகையை யூடியூப்ல போடலாமா?

போடும் முன் தாத்தாவைக் கேட்டாயா என்பது என் முதல் கேள்வி. போன் பிடித்த பையன் பெரும்பாலும் தலையைச் சொறிவான். ஒருமுறை வெளியே போனது திரும்பி வராது. சாமைக்குப் பூச்சி வராமல் குதிரில் என்ன போடுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம், தாராளமாகச் சொல்லலாம். குடும்பத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் மருந்து வேறு. அளவு தவறினால் ஆளைக் கொல்லும் வேர்களும் அதில் உண்டு.

கம்பெனிக்காரன் வந்து செடியைக் கேட்டா?

கேரளத்தின் அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் கதையைச் சொல்கிறேன். 1987-இல் காட்டுக்குள் ஆராய்ச்சிக்குப் போனவர்களுக்கு வழிகாட்டிய காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அறக்கட்டளை பதிவானது. உலகமெல்லாம் இதை முன்மாதிரி என்கிறார்கள். காணிகளிலேயே சில வைத்தியர்களுக்கு இதில் சம்மதமில்லை. ஒன்றிரண்டு பேர் சொன்னது எல்லாருடைய சொத்து என்றால், யாரைக் கேட்டுக் கொடுப்பது?

சட்டம் சொல்லும் பதில், ஊரைக் கேட்க வேண்டும் என்பது. வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபறிவு ஊரின் பொது அறிவுச் சொத்து என்கிறது. 2002 பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நிறுவனம் செடியையோ அதைப் பற்றிய அறிவையோ எடுக்கச் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பலனில் பங்கும் தர வேண்டும். 2023 திருத்தம் ஏடுகளில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பங்கு தருவதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. மஞ்சள் காயம் ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995-இல் வாங்கிய காப்புரிமையை 1997-இல் ரத்து செய்ய வைக்க முடிந்ததற்குக் காரணம், அது பழைய நூல்களில் இருந்தது. ஆக, எழுதி வைத்தால் காப்புரிமைத் திருட்டைத் தடுக்கலாம், ஆனால் பங்கு கைநழுவலாம். எழுதாமல் விட்டால் தாத்தாவோடு போய்விடலாம். ஊரின் செடி, உயிர், அவற்றைப் பற்றிய அறிவு எல்லாம் எழுதும் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு ஆள் வரும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்று சபையில் பேசி வைத்துக்கொண்டு உட்காருங்கள். என் கட்சி: செடியின் பெயரும் இடமும் எழுதலாம், கூட்டும் அளவும் வீட்டோடு இருக்கட்டும்.

நாங்க பழங்குடி இல்ல, ஆனா பரம்பரையா காட்டோரம்தான். உண்டா?

உண்டு. 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டைச் சார்ந்து அங்கேயே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். 1930-க்குப் போகிறது கணக்கு. பாட்டியின் வரைபடம் உங்களுக்குத்தான் இன்னும் அதிகம் தேவைப்படும்.

இதுக்கெல்லாம் எவ்ளோ செலவாவும்ணா?

மனுப் படிவத்துக்குக் காசில்லை. தனிநபருக்கு ஏ, சமூக உரிமைக்கு பி, காட்டைக் காக்கும் உரிமைக்கு சி. மூன்றையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், ஏ-யை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். "நான் முடிச்சித் தர்றேன், ஐயாயிரம் குடு" என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எதைக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள், அசலை யாரிடமும் விடாதீர்கள். நகல் என் கடையில் பக்கம் இரண்டு ரூபாய். ஒட்டுப்போட்ட வரைபடத்தை மட்டும் மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஓடை அழிந்துவிடுகிறது.